அல்லைப்பிட்டியிலிருந்து ஒரு பிரெஞ்சு நடிகர்



சினிமாப் பக்கம் உள்ள எந்தச் சஞ்சிகையை விரித்தாலும், ஒரு நடிகரைப் பற்றி எழுதும்போது முதலில் குடும்ப விபரம் வரும். தகப்பன் யார், தாய் யார், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், சொந்த ஊர் எது, எந்த வயதில் நடிக்க வந்தார். அதற்குப் பிறகுதான் படங்களின் பட்டியல். இந்த மாதம் நானும் ஒரு நடிகரின் குடும்பப் பின்னணியையும் தொழிலையும் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவர் பிரெஞ்சுப் பட நடிகர். ஆனால் பிறந்த ஊர் பிரான்சில் இல்லை. யாழ்ப்பாண நகரத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவுப்பகுதிக்குப் போகும் வழியில் வருகிறதே அல்லைப்பிட்டி, அந்த ஊர்.

பெயர் அன்ரனிதாசன் யேசுதாசன். புத்தகம் வாசிப்பவர்களுக்கு ஷோபாசக்தி என்றால் உடனே விளங்கும். 2015 மே 24 ஆம் திகதி பிரான்சின் கான் நகரத்துத் திரைப்பட விழாவில், அந்த வருடம் போட்டியிட்ட படங்களுள் மிகச் சிறந்தது என்று தேர்ந்தெடுக்கப்பட்ட ‘தீபன்’ படத்தின் கதாநாயகன் இவர்தான். படத்தை எடுத்தவர் ஜாக் ஓடியார் என்ற பிரெஞ்சு இயக்குநர். அவருக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் படத்தில் பெரும்பகுதி தமிழில்தான் பேசப்படுகிறது.

அந்த விருதின் பெயரை நமது பத்திரிகைகள் ‘தங்கப் பனை’ என்று எழுதின. உண்மையில் அது நம் பனை அல்ல, வேறு வகை ஓலை. ஆனாலும் பனங்காணிக்குள் ஓடித்திரிந்த ஒரு தீவுப் பிள்ளை நடித்த படத்துக்குத் தங்கப் பனை கிடைத்தது என்று வாசித்தபோது எனக்கு அந்தத் தவறான மொழிபெயர்ப்பு மிகவும் பிடித்துப்போனது.

பிரான்சில் சினிமா பல வீடுகளில் பரம்பரைத் தொழில். ‘தீபன்’ இயக்குநரின் தகப்பனார் மிஷேல் ஓடியார் பிரெஞ்சுப் படங்களுக்கு வசனம் எழுதிப் பெயர் பெற்றவர். அவருடைய வசனங்களை அங்குள்ளவர்கள் பேச்சோடு பேச்சாகச் சொல்லிச் சிரிப்பார்களாம், நம் ஆட்கள் பழைய படத்து வசனத்தைச் சொல்வது போல. 2016 பெப்ரவரியில் பிரெஞ்சு சினிமாவின் பெரிய தேசிய விருதான சீசர் விருது வழங்கப்பட்டபோது, சிறந்த நடிகருக்கான பரிந்துரைப் பட்டியலில் இருந்தவர்களைப் பாருங்கள். வின்சென்ட் கசல், அவருடைய தகப்பன் ஜான் பியர் கசலும் புகழ்பெற்ற நடிகர். வின்சென்ட் லாண்டன், வசதியும் செல்வாக்கும் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். வேலை இழந்து திண்டாடும் தொழிலாளியாக நடித்ததற்காக விருது அவருக்குத்தான் கிடைத்தது. ஜெரார்ட் டெபார்டியூ, தகரவேலை செய்த ஏழைத் தொழிலாளியின் மகன், பதின்மூன்று வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். (ஏழை வீட்டிலிருந்து வந்தவர் என்று இவரைக் கொண்டாடி எழுதியவர்கள் அநேகர். படப்பிடிப்பில் இரண்டு பெண்களிடம் பாலியல் வன்முறையாக நடந்துகொண்டார் என்று 2025 மே மாதம் பாரிஸ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. அவர் மேன்முறையீடு செய்தார். பெண்கள் சஞ்சிகையில் அவர் பெயரை எழுதும்போது இதையும் எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.)

அதே பட்டியலில் அன்ரனிதாசன் யேசுதாசனின் பெயரும் இருந்தது. நடிகரின் மகனும் பணக்கார வீட்டுப் பிள்ளையும் தகரவேலைக்காரரின் மகனும் இருந்த அந்த வரிசையில், இவர் ஒருவர் மட்டும் அகதி விண்ணப்பம் கொடுத்து அந்த நாட்டுக்குள் வந்தவர்.

1967 இல் பிறந்தவர். பதினைந்து பதினாறு வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்தார். 1983 ஜூலைக் கலவரத்தை ஒட்டிய காலம் அது. பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளை மாலையில் வீடு திரும்பாமல் போன காலம். மூன்று வருடமளவில் இயக்கத்தோடு முரண்பட்டு விலகினார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. இந்த வயதுக் கணக்கைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். நமது பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுதி, உயர்தரம் எழுதிப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் வயதுக்குள் இவருடைய ‘பழைய வாழ்க்கை’ முடிந்துவிட்டது. அதன்பிறகு நாட்டை விட்டு வெளியேறி, ஹொங்கொங், தாய்லாந்து என்று அலைந்து, 1993 இல் போலிக் கடவுச்சீட்டில் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார். அகதி அந்தஸ்து கிடைத்தது.

பாரிசில் கோப்பை கழுவினார். சமையல் செய்தார். பெரிய கடைகளில் சாமான் அடுக்கினார். டிஸ்னிலேண்ட் களியாட்டப் பூங்காவிலும் வேலை செய்திருக்கிறார். வெளிநாட்டில் அண்ணனோ தம்பியோ உள்ள சகோதரிகளுக்கு இந்தப் பட்டியல் புதிதல்ல. அங்கிருந்து வரும் காசு எந்த வேலையிலிருந்து வருகிறது என்று அவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர், நம் பெயர், அவ்வளவுதான். வெளிநாட்டுப் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் தகப்பன் பெயரைப் போடுவார்கள். பிறகு அந்தப் பெயரிலேயே ஆளைக் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போதெல்லாம் அப்பாதான் எழுந்து போக வேண்டும்! ‘தீபன்’ படச் செய்திகளில் இவருடைய பெயர் சில இடத்தில் முன்பின்னாகவும் சில இடத்தில் பின்முன்னாகவும் வந்திருப்பது இந்தக் குழப்பத்தால்தான்.

நடிகர் என்று எழுதினாலும் அவர் முதலில் எழுத்தாளர். 2001 இல் ‘கொரில்லா’ என்ற நாவல் வந்தது. குழந்தைப் போராளி ஒருவனின் கதை. அதன் தொடக்கமே பிரெஞ்சு அரசுக்கு எழுதப்படும் ஒரு அகதி விண்ணப்பம். பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், நடந்த சம்பவங்கள் என்று இலக்கமிட்டு எழுதப்பட்ட கடிதம். நாமும் எத்தனை கடிதம் இப்படி எழுதியிருக்கிறோம்! செஞ்சிலுவைச் சங்கத்துக்கு, மனித உரிமை ஆணைக்குழுவுக்கு, பிரதேச செயலாளருக்கு. ஒரு வாழ்க்கையைக் கேட்பவர் நம்பும்படியாக ஒன்றரைப் பக்கத்துக்குள் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2004 இல் வந்த ‘ம்’ என்ற நாவல் படிக்கக் கடினமானது. 1983 வெலிக்கடைச் சிறைப் படுகொலையிலிருந்து தப்பிய ஒருவர், வெளிநாட்டில் தன் சொந்த மகளுக்கே கொடுமை செய்கிறார். சித்திரவதை பட்டவர் என்பதற்காக ஒரு தகப்பனை மன்னித்துவிடலாமா என்ற கேள்வியை அந்தக் கதை விடாமல் கேட்கிறது. நமது வீடுகளில் இந்தக் கேள்வி இருக்கிறது, வெளியே வருவதில்லை. 2019 இல் வந்த ‘இச்சா’ நாவலின் நடுவில் இருப்பவள் ஒரு முன்னாள் பெண் போராளி. இவருடைய அரசியலோடு உடன்படாத சகோதரிகள் நம் வாசகர்களில் நிச்சயம் இருப்பார்கள். இயக்கத்தையும் விமர்சித்தார், அரசையும் விமர்சித்தார், ஆகையால் இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கினார். அது இன்றைய விடயமல்ல.

சினிமாவுக்குள் அவர் வந்தது லீனா மணிமேகலை இயக்கிய ‘செங்கடல்’ படத்தின் வழியாக. தனுஷ்கோடி மீனவர்களையும் நம் நாட்டு அகதிகளையும் பற்றிய படம். கதையில் பங்கெடுத்து அதில் நடிக்கவும் செய்தார். இந்தியத் தணிக்கைச் சபை முதலில் அதற்கு அனுமதி மறுத்தது, மேன்முறையீட்டுக்குப் பிறகுதான் 2011 இல் அனுமதி கிடைத்தது. நடிப்புப் பள்ளி எதற்கும் போகாமல், இந்த அனுபவத்தோடுதான் அவர் ஓடியாரின் படத்துக்குப் போனார். தீவுப்பகுதிக் கத்தோலிக்க ஊர்களில் நாட்டுக்கூத்து வேர்விட்ட கலை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

இனிப் படத்தின் கதை. போர் முடியும் தருணம். தோழர்களின் உடல்களைத் தென்னோலை போட்டு எரித்துவிட்டு ஒரு போராளி தன் சீருடையைக் கழற்றி அந்த நெருப்பிலேயே போடுகிறான். அடுத்து ஒரு முகாம். ஒரு இளம் பெண் கூடாரம் கூடாரமாகப் போய் ‘தாய் தகப்பன் இல்லாத பிள்ளை இருக்கிறதா’ என்று தேடுகிறாள். கிடைக்கிற ஒன்பது வயதுப் பெண்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு தரகரிடம் வருகிறாள். அங்கே இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகள் இருக்கின்றன. கணவன் தீபன், மனைவி யாழினி, மகள் இளையாள். அந்த மூன்று பெயருக்குள் ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் புகுந்துகொள்கிறார்கள். குடும்பமாகப் போனால்தான் வெளியே போக முடியும், அதுதான் காரணம்.

பாரிசில் அகதி அலுவலகத்தில் ஒரு காட்சி வருகிறது. தரகர் சொல்லிக்கொடுத்த கதையை அவன் ஒப்புவிக்கிறான். மொழிபெயர்ப்பாளரும் தமிழர். அந்தக் கதையை எத்தனையோ பேரிடம் கேட்டுச் சலித்தவர். அதிகாரிக்கு விளங்காது என்ற தைரியத்தில், இந்தக் கதை எடுபடாது என்று அவர் தமிழிலேயே சொல்கிறார். படிவம் நிரப்பிக்கொடுக்கும் வேலையில் உள்ள எனக்கு அந்த மொழிபெயர்ப்பாளரின் முகத்தை மறக்க முடியவில்லை. உண்மையாகவே துன்பப்பட்ட ஒருவர், நம்பப்பட வேண்டுமென்பதற்காக வேறொருவரின் துன்பத்தை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் அன்ரனிதாசன் நடிக்கவே இல்லை என்று சொல்லலாம். குரல் உயர்வதில்லை, கண்ணீர் இல்லை. கதிரையின் விளிம்பில் உட்கார்ந்து, கேள்வி முடியும் முன்னரே பதில் சொல்லத் தயாராகும் ஒரு உடம்பு. படத்தில் ஏறத்தாழப் பாதி தன் வாழ்க்கைதான் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பிறகு அவனுக்கு நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய தொடர்மாடியில் காவலாளி வேலை கிடைக்கிறது. படிக்கட்டு கூட்டுவது, கடிதங்களைப் பிரித்துப் போடுவது, பழுதான லிப்டைத் திருத்துவது. அந்த இடம் போதைப்பொருள் கும்பலின் கையில் இருக்கிறது. யாழினி அங்கே முடியாத ஒரு முதியவரைப் பார்த்துக்கொண்டு சமைத்துக்கொடுக்கப் போகிறாள். சம்பளத் தொகையைக் கேட்டு வாயடைத்துப் போகிறாள். அங்குள்ள பெண்கள் முக்காடு போட்டிருப்பதைப் பார்த்து, வித்தியாசமாகத் தெரியக்கூடாது என்று தானும் தலையை மூடிக்கொள்கிறாள். ஒரு இடத்தில் தீபன், இந்த நாட்டவரின் பகிடி சொல்லுக்குச் சொல் விளங்குகிறது, ஆனால் சிரிப்பு வருவதில்லை என்று கவலைப்படுகிறான். அது பாஷையின் பிழை இல்லை, உனக்குத் தமிழிலேயே பகிடி விளங்காது என்கிற மாதிரி அவள் சொல்கிறாள். அந்த ஒரு காட்சியில்தான் அவர்கள் முதன்முதலாகப் புருஷன் பெண்சாதி மாதிரித் தெரிகிறார்கள்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது குடும்பத்துக்கு வரைவிலக்கணம் எழுதியிருக்கிறேன். இரத்த உறவாலோ திருமணத்தாலோ சுவீகாரத்தாலோ இணைந்து ஒரே வீட்டில் வாழ்பவர்கள் என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். தீபன், யாழினி, இளையாள் மூவரையும் அந்த வரைவிலக்கணத்துக்குள் அடக்க முடியாது. ஆனால் அரசாங்கத்தின் பதிவில் அவர்கள்தான் குடும்பம்.

நமது மலைநாட்டில் இது மறுபக்கமாக நடந்திருக்கிறது. 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் பாட்டன் பாட்டிமார் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று தலைகளை எண்ணிப் பங்கு போட்டார்கள். ஒரே லயத்தில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்களில் ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது, கூடப்பிறந்தவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வந்தது. பதுளை ரயில் நிலையத்தில் அழுதுகொண்டு வழியனுப்பிய கதையை ஹொப்டன் பக்கமும் மடுல்சீமைப் பக்கமும் எந்தப் பெரியவரிடம் கேட்டாலும் சொல்வார். இரத்த உறவு இருந்தது, கடதாசி பிரித்தது. படத்தில் இரத்த உறவு இல்லை, கடதாசி சேர்க்கிறது. கடதாசி சேர்த்ததை வாழ்க்கை சேர்க்குமா என்பதுதான் ‘தீபன்’ படத்தின் கேள்வி என்று நான் விளங்கிக்கொண்டேன்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேட நான் பிரான்ஸ் வரைக்கும் போகத் தேவையில்லை. எங்கள் பகுதியில் ஒரு சகோதரி இருக்கிறார். பெயரும் தோட்டமும் எழுத மாட்டேன். 1983 இல் பதுளையில் கடைகளும் வீடுகளும் எரிந்த பிறகு அவருடைய பெற்றோர் பயந்து வன்னிக்குப் போனவர்கள். அவர் அங்கேயே வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்து, 2009 இல் கணவரைத் தொலைத்துவிட்டு வெளியே வந்தார். வரும்போது கையில் நான்கு வயதுப் பெண்பிள்ளை. அவர் பெற்ற பிள்ளை அல்ல. பதுங்கு குழியில் பக்கத்தில் இருந்த பிள்ளை, அவ்வளவுதான் தெரியும். செட்டிகுளம் முகாமில் பெயர் பதியும்போது ‘யார் பிள்ளை’ என்று கேட்டார்கள். ‘எம் பிள்ளைதான்’ என்றார். அடுத்த வருடம் லுணுகலைப் பக்கம் உறவினர் லயத்துக்கு வந்து சேர்ந்தார்.

பிள்ளைக்குப் பதினைந்து வயதாகி அடையாள அட்டை எடுக்கும் நேரம் வந்தபோதுதான் சிக்கல். பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஒரு அலுவலகத்தில் ‘நீங்கள் தாயா, பாதுகாவலரா, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்’ என்று கேட்டார்கள். இவர் சொன்ன பதில், ‘ஐயா, பதினோரு வருசமா சோறு போடுறேன். அதுக்கு நீங்க என்னா பேரு வெச்சிருக்கீங்களோ அதை எழுதிக்குங்க.’ உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்து, சத்தியக் கடதாசி முடித்து, அட்டை கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. முகாமில் பதிந்த அந்த ஒரு துண்டுதான் கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது.

அவருடைய கணவரைப் பற்றிய கட்டம் இன்னும் தனிக் கதை. இறந்தவர் என்று எழுத அவர் சம்மதிக்கவில்லை. 2016 இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, இறந்தார் என்று எழுதாமல் ‘காணவில்லை’ என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் எடுக்கலாம். காணி, வங்கிக் கணக்கு, கொடுப்பனவு போன்ற தேவைகளுக்கு அது உதவும். இதை அறியாத சகோதரிகள் உங்கள் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கள். மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் எதுவும் நடக்கும் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

படத்துக்கு வருகிறேன். எங்கள் குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு மடிக்கணினியில் இதைப் பார்த்தோம். எல்லோருடைய கண்ணும் கதாநாயகனில் இருக்கும் என்று நினைத்தேன், அவர்கள் பார்த்தது யாழினியையும் பிள்ளையையும்தான். யாழினிக்கு அந்தப் பிள்ளை ஒரு நுழைவுச்சீட்டு. அவளுடைய எண்ணமெல்லாம் இங்கிலாந்தில் உள்ள உறவுக்காரியிடம் போய்விடுவது. பள்ளிக்கூட வாசலில் மற்றத் தாய்மார் பிள்ளைக்கு முத்தம் கொடுத்து அனுப்புவதைப் பார்த்து, இளையாளும் கேட்கிறாள். யாழினிக்கு அது வருவதில்லை. நான் அவளைக் கொஞ்சம் கடுமையாகத்தான் நினைத்தேன். எங்களோடு இருந்த ஒரு அம்மா சொன்னார், ‘அவ கெட்டவ இல்ல மிஸ். அவளுக்கே இன்னும் ஒரு அம்மா வேண்டியிருக்கு.’ பத்திரிகைகளில் வந்த எந்த விமர்சனத்திலும் இவ்வளவு சரியான வசனத்தை நான் வாசிக்கவில்லை.

யாழினியாக நடித்தவர் காளீஸ்வரி சீனிவாசன், சென்னையில் நாடக மேடையில் நடித்துவந்தவர். ஈழத்துப் பேச்சு அவருக்குச் சில இடங்களில் சறுக்குகிறது, நமது காதுக்கு அது தெரியும். ஆனால் அந்தப் பெண்ணின் பயம், பிடிவாதம், சின்னச் சின்ன ஆசைகள் எல்லாம் பிசகாமல் வந்திருக்கின்றன. இளையாளாக வந்த கிளோடின் வினாசித்தம்பிக்கு அது முதல் படம். பெரியவர்களுக்குப் பிரெஞ்சு வாயில் வராதபோது அந்தப் பிள்ளை முந்திக்கொள்கிறது. வெளிநாட்டில் உள்ள நம் குடும்பங்களில் பிள்ளைகள்தான் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர்கள் என்பதைப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது.

எனக்குக் குறையும் உண்டு. படத்தின் கடைசிப் பகுதியில் தீபன் மறுபடி போராளியாகி, அடிதடியும் நெருப்புமாக யாழினியை மீட்டுக்கொண்டு வருகிறான். பிறகு இங்கிலாந்தில் ஒரு வெயில் நாள், புல்வெளி, விருந்தாளிகள், கைக்குழந்தை. அதுவரைக்கும் ஒரு மனிதன் துவக்கை மறக்கப் பாடுபடுவதைப் பொறுமையாகக் காட்டிய இயக்குநர், கடைசியில் துவக்குதான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது என்பது போல முடித்துவிட்டார். நடுவில் யாழினி ரயில் ஏறிப்போகப் பார்க்கும்போது அவன் அவளைப் பலாத்காரமாகத் தடுக்கும் இடமும் உண்டு. அதைப் படம் வேகமாகக் கடந்துவிடுகிறது. எங்கள் குழு கடக்கவில்லை. ‘போகணும்னு நெனச்சவளைப் போக விட்டிருக்கணும்’ என்று ஒருவர் சொல்ல, ‘போனா அந்தப் பிள்ளைக்கு யாரு?’ என்று இன்னொருவர் கேட்க, தேநீர் ஆறும்வரை அந்தப் பேச்சு ஓயவில்லை.

இன்னொரு கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கடவுச்சீட்டின் உண்மையான சொந்தக்காரி, செத்துப்போன மனைவி, அவளுடைய ஆட்கள் எங்கே என்று கேட்டார்கள். அவளைத் தேடி ஒரு தாய் எங்காவது படத்தோடு உட்கார்ந்திருப்பாள் அல்லவா? படம் அவளைப் பற்றிப் பேசுவதில்லை.

நடிகர்களின் குடும்பப் பின்னணி என்றதும் நம் பக்கத்தில் எல்லோரும் எம்.ஜி.ஆரைத்தான் சொல்வார்கள், 1917 இல் நம் கண்டிச் சீமையில் பிறந்தவர் என்ற பெருமையோடு. தகப்பன் இறந்தபின் தாய் சத்தியபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் போய்ச் சேர்ந்தார். பட்டினியால்தான் அண்ணன் தம்பி இருவரும் சிறுவர் நாடகக் கம்பனியில் சேர்க்கப்பட்டார்கள். பிரான்சில் சார்ள்ஸ் அஸ்னவூர் என்று ஒரு பாடகர், நடிகரும்கூட. ஆர்மீனிய இனப்படுகொலைக்குத் தப்பிய குடும்பத்தின் பிள்ளையாக 1924 இல் பாரிசில் பிறந்தார். கைம்பெண்ணின் மகன், அகதியின் மகன் என்று இவர்களைப் பற்றிச் சொல்லலாம். அன்ரனிதாசன் அகதியின் மகன் அல்ல, அவரேதான் அகதி. நடுவயது நெருங்கியபின் நடிகரானவர். 2017 இல் கனடாவில் லெனின் எம். சிவம் இயக்கிய ‘ரூபா’ படத்தில், ஒரு திருநங்கையை நேசிக்கும் குடும்பஸ்தனாக நடித்தார். ‘தீபன்’ படத்துக்குப் பிறகு கதாநாயகன் வேடம் தேடி ஓடியவராக அவர் தெரியவில்லை. தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்.

அவர் பிறந்த அல்லைப்பிட்டிக்கு அதன்பிறகும் அமைதி கிடைக்கவில்லை. 2006 மே மாதம் அங்கே பொதுமக்கள் பதின்மூன்று பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பச்சைக் குழந்தையும் இருந்தது. அந்த ஆகஸ்டில் புனித பிலிப் நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது ஷெல் விழுந்தது. பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் அதே மாதம் காணாமற்போனார். கான் விழாவில் விருது அறிவிக்கப்பட்டு உலகப் பத்திரிகைகள் எல்லாம் இந்த ஊரின் பெயரை எழுத்துக் கூட்டி எழுதியபோது, அங்கே வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பெயரோடு நினைவுக்கு வந்தது வேறு.

படத்தைப் பார்க்க விரும்பும் குழுக்களுக்குச் சில குறிப்புகள். முதல் சில நிமிடங்களில் உடல்கள் எரிகின்றன. கடைசிப் பகுதியில் வெடிச்சத்தமும் இரத்தமும் அதிகம். ஷெல் சத்தத்துக்கு இன்னும் உடம்பு நடுங்குகிறவர்கள் அந்த இடங்களில் எழுந்து வெளியே போகலாம், எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சிறுபிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். தனியாகவும் பார்க்க வேண்டாம், நாலு பேர் சேர்ந்து பகல் நேரத்தில் பாருங்கள், முடிந்ததும் கதைக்க ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். தமிழ் பேசும் படம் என்பதால் எழுத வாசிக்கத் தெரியாத அம்மாமாரும் பெரும்பகுதியை விளங்கிக்கொள்வார்கள். பிரெஞ்சு வரும் இடங்களில், கீழே ஓடும் எழுத்தைப் பார்த்து ஒருவர் தமிழில் சொல்லிக்கொடுத்தால் போதும். எங்கள் குழுவில் அந்த வேலையைச் செய்தது, ஒரு வருடத்துக்கு மேல் அலைந்து அடையாள அட்டை எடுத்தாளே, அந்தப் பிள்ளைதான்.